ஹ இல்லாத ஊர்

நாத்தனாருக்குக் காய்ச்சல்.
கட்டிய பணம் திரும்பாது என்பதால்
பூர்ணிமா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டாள்.
"சும்மா நின்னு பாரு, போதும்."
செவ்வாய்ப்பேட்டையில் அவள் மாமனார் பட்டறையில்
பதினோரு வருஷமாய்க் கொலுசுக்குப் பொடி வைக்கிறேன்.
சும்மா நிற்க மட்டும் வராது எனக்கு.

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒரே எலுமிச்சம்பழம்.

எந்த மிட்டாதாரோ வெயிலுக்குப் பயந்து
மலைமேல் கட்டிய அரண்மனை.
படிக்கு இரு பக்கமும் சிங்கம்,
ஒன்றுக்கு மூக்கில்லை.
தர்பார் நடந்த கூடத்தில்
எவர்சில்வர் மேஜைகள்,
மான்கொம்புக்கு நேர் கீழே ரவை மூட்டை.
பழைய அடுப்பங்கரை எங்கே என்று கேட்டேன்.
பின்கட்டுக்கும் பின்னால், தனி வாசலோடு,
கரி படிந்து கிடந்தது.
இப்போது அங்கே செருப்பு விடுகிறார்கள்.
சமையல் முன்கூடத்துக்கு வந்து சேர
நூற்று முப்பது வருஷமும்
ஒரு வெள்ளைக்காரியும் ஆகியிருக்கிறது.

மேலங்கி கொடுத்தார்கள்.
நெஞ்சில் பெயர் தைத்திருந்தது: ஹம்சவர்த்தினி.
ஓர்னெல்லா அம்மாள்
இத்தாலியின் குதிகாலிலிருந்து வந்தவள்.
அவள் பாஷையில் ஹ எழுத்துக்கு
இடம் உண்டாம், சத்தம் கிடையாதாம்.
"அம்சா" என்றாள் என்னை.
எங்கள் தெருவுக்கு வந்திருந்தாலும்
அந்த மகராசி
அம்சாவாகத்தான் ஆகியிருப்பாள்.

வெந்தது போதுமா என்று பார்க்க
என்னவோ சொன்னாள் ஓர்னெல்லா.
"பல்லுக்கு" என்று தமிழில் சொல்லிவிட்டுத்
தலையைச் சொறிந்தான் கிளியூர் ஜெரோம்.
பல்லுக்கு என்ன தம்பி?
"பல்லுக்கு... அவ்வளவுதான்க்கா."
பதம் என்றேன்.
பாகுக்கும் அதுதான், உருகுகிற வெள்ளிக்கும் அதுதான்.
சொல்லுக்கே பதம் என்றுதானே பேர்.
அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.
வாசித்துக் காட்டியபோது "பதா" ஆகியிருந்தது.

ரவை, வெந்நீர், உப்பு.
முட்டை இல்லை என்றதும் பூர்ணிமா முகம் தெளிந்தது,
வெள்ளிக்கிழமை.
பிசைந்து, கயிறாய்த் திரித்து,
சுண்டுவிரல் நகமளவு நறுக்கி,
கத்தி முனையால் இழுத்து
பெருவிரல்மேல் கவிழ்த்தால்
ஒரு காது.
குட்டிக் காது என்பதே அந்தப் பண்டத்தின் பெயராம்.

பூர்ணிமாவின் காதுகள் கிழிந்தன.
பெங்களூர்த் தம்பதிக்குப் பணியாரம் வந்தது.
என் பெருவிரல் யாரையும் கேட்கவில்லை.
அரும்பு மணியைக் குழியில் உட்காரவைத்துப் பழகிய விரல்,
அதற்கு மாவு என்ன, வெள்ளி என்ன.
மேஜை நிறைந்து
பக்கத்து மேஜைக்கும் போயிற்று வரிசை.

ஓர்னெல்லா ஒரு காதை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.
"எந்தப் பள்ளியில் படித்தாய், அம்சா?"
ஜெரோம் சொல்லி முடிக்குமுன்
பூர்ணிமா இங்கிலீஷில் முந்திக்கொண்டாள்.
தன் நாத்தனார் வீட்டில்
வேறு வேலையே கிடையாது, எந்நேரமும் சமையல்தானாம்.
பொடி வைத்த பேச்சு எனக்கா தெரியாது?
பொடி வைக்கிறவளே நான்.
சிரித்தேன்.
அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

மிட்டாதார் உட்கார்ந்த நீள மேஜையில் சாப்பாடு.
அவள் ஊர்க் கீரை இங்கே கிடைக்காமல்
முள்ளங்கிக் கீரை போட்டிருந்தாள்,
பூண்டு, எண்ணெய், இந்த மலையின் மிளகு.
நன்றாகத்தான் இருந்தது.
உப்பு ஒரு கல் குறைவு.
அதைச் சொல்லலாம் என்று ரஞ்சிதத்துக்குத் தோன்றாது.
அம்சா சொல்லிவிட்டாள்.
ஓர்னெல்லா சுவைத்துப் பார்த்து
உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்தினாள்.

சர்டிபிகேட்டை பூர்ணிமா வாங்கிப் பையில் வைத்தாள்,
பேருக்கு உரியவளிடம் சேர்க்க வேண்டுமே.
மிஞ்சிய மாவுக் காதுகளை
ஒரு டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார்கள்.

இறங்கும்போது எத்தனையாவது வளைவோ,
கீழே சேலம் விளக்குப் போட்டிருந்தது.
"ரஞ்சிதம்."
நான் ஜன்னலில் இருந்தேன்.
"ஏய், ரஞ்சிதம்!"
யாரோ ஒருத்தி திரும்புவாள் என்று
நானும் காத்திருந்தேன்.
"நாளைக்கு எட்டுக்கே வந்துரு,
திருச்செங்கோட்டு ஆர்டர் கெடக்கு."

மடியில் டப்பாவுக்குள்
நூற்றுச் சொச்சம் காது.
அவை கேட்டுக்கொண்டன.